மரக்கரண்டி

ஓலசுன் துறைமுகத்தில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
தோர்குன் தன் திரையில்
ஒரே ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறாள்,
நாற்பத்தோரு கையேடுகளுக்கும் பொதுவாக.
ஓரிடத்தில் ஊன்றினால் நாற்பத்தோரு இடத்தில் முளைக்கும்.
பிழையும் அப்படியே.

இந்த மாதம் புதிதாக ஒன்று வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.
அது நாற்காலி கேட்கவில்லை, விடுப்பு கேட்கவில்லை.
பொறியாளரின் குறிப்பைக் கொடுத்தால்
பன்னிரண்டு நொடியில் வரைவு,
எழுத்துப்பிழை இல்லாமல்,
தயக்கமும் இல்லாமல்.

யூஸ்டைன் மின்னஞ்சல் அனுப்பினார்:
இனி உன் பதவி எழுத்தாளர் அல்ல, உள்ளடக்கச் சரிபார்ப்பாளர்.
சம்பளம் அதே.
கடைசியில் ஒரு சிரிப்புமுகம்.

அவள் பார்க்காத மாற்றமா?
நகல் எந்திரத்திலிருந்து சூடாக வந்த தாள்கள்,
பிறகு ஒன்றையொன்று திறக்க மறுத்த கோப்புகள்,
பிறகு கோண அடைப்புக்குறிக்குள்
நண்டுக்கறி டப்பா போல் அடைத்து வைத்த வாக்கியங்கள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் பயிற்சி,
ஒரு சான்றிதழ், ஒரு குவளை.
குவளைகளில் இப்போது மை தீர்ந்த பேனாக்கள்.

வலையிழுக்கும் வின்ச், படி ஏழு:
'கயிறு இறுகியதும் சிவப்புப் பொத்தானை
விரல் நுனியால் மூன்று நொடி அழுத்தவும்.'
குறை சொல்ல முடியாது.
எழுவாய் இல்லை, ஆனால் யார் என்பது தெரியும்.
அளவு இருக்கிறது. நிறம் இருக்கிறது.
'சரி' என்ற கட்டத்தின் மேல்
அம்புக்குறி நின்றுகொண்டே இருந்தது.

யாருடைய விரல்?

மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.
மூன்றாவது மேடையில் ஹாவொர்ன்,
உப்பும் மீன்செதிலும் பூத்த தளம்.
லித்துவேனியாக்காரன் கின்டவ்டாஸ்
தன் கையுறையைக் கழற்றி நீட்டினான்,
மூன்று அடுக்கு, விறைத்து
வேறொரு மனிதனின் கை போல.
அழுத்துங்கள், என்றான்.
அழுத்தினாள்.
சிவப்பும் அழுந்தியது. பக்கத்துப் பச்சையும் அழுந்தியது.

ஒன்றும் ஆகவில்லை, வின்ச் அணைந்திருந்தது.
அவளுக்கு மட்டும் வயிற்றில்
ஏதோ ஒரு சுற்று இழுபட்டது.

அவன் சிரித்து, பலகையின் பின்னாலிருந்து
சணலில் கட்டிய மரக்கரண்டியை எடுத்தான்.
அதன் காம்பு நுனியால்தான்
எட்டு வருடமாகச் சிவப்பை அழுத்துகிறார்கள்.
அடுத்த படகிலும் கரண்டி.
அதற்கடுத்ததில் உடைந்த தூரிகை.
நாற்பத்தோரு கையேட்டிலும் இல்லாத கருவி.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்:
அவர்கள் மொழியில் 'வேண்டாம்' என்பது முதலில் வந்துவிடும்.
என் மொழியில் 'தொடாதே' என்று எழுதினால்
'தொ' என்றதுமே விரல் கிளம்பிவிடுகிறது;
நடுவில் ஒரு நெடில் ஓடிவந்து
கையைப் பிடித்தால் உண்டு.
அதனால் எனக்கு அவள் அவசரம் புரிந்தது.

திரும்பி வந்து படி ஏழுக்குப் பின்னாலிருந்த எச்சரிக்கையை
முன்னால் நகர்த்தினாள்.
பிறகு வடிவமைப்புப் பிரிவுக்கு எழுதினாள்:
வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை,
பொத்தானைத் திருத்துங்கள்.

ஐலெர்ட் பதில் எழுதினான்:
அச்சு வார்த்தாகிவிட்டது. ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் போதாதா?

அவள் வாதிடவில்லை.
கரண்டியின் படத்தை இணைத்தாள்,
காம்பு நுனியில் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது
தெளிவாகத் தெரியும்படி.
புதன்கிழமை கூட்டம் வைத்தார்கள்.
முடிவு இன்னும் வரவில்லை.

அதுவரைக்கும், படி ஏழில்,
உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தாள்.
பொறி உடனே அடிக்கோடிட்டது:
'கரண்டி' ஏற்கப்பட்ட சொற்பட்டியலில் இல்லை.

இருட்டில் ஒரு படகு விளக்கு வளைந்து திரும்பியது.
தோர்குன் பட்டியலைத் திறந்தாள்.

கரண்டி: பெயர்ச்சொல். மரம். தளத்தில் பயன்படுவது.
பார்க்க: பொத்தான், சிவப்பு.