பக்கம் புரட்டுபவன்

அவளுக்கு இடப்புறம், அரையடி பின்னால்,
கைப்பிடி இல்லாத நாற்காலி என்னுடையது.
பகலில் ரயில்வே கணக்குப் பிரிவு.
மாலையில்
எப்சிபா தேவசித்தம் அம்மாளின் காகிதங்கள்.
இருபத்தாறு வருடம்.

ஒரே விதிதான் சொன்னாள்:
மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது.
மற்றதை நானாகக் கற்றேன்.
எழுந்து, இடக்கையால், மேல் ஓரம் பற்றிக்
காத்திருக்க வேண்டும்.
அவள் தலை ஓர் எள்ளளவு சாயும்.
அதற்குப் பின் என்றால் தாமதம்.
அதற்கு முன் என்றால் கொலை.

வேப்பேரி வீட்டில் பியானோவின் வயிற்றுக்குள்
நாற்பது வாட் பல்பு இரவும் பகலும் எரியும்.
ஐப்பசியில் மரம் ஊறிப்
போன கட்டை எழுந்து வராது.
பல்பு பியூஸ் ஆன ஒரு புயல் ராத்திரி
தலைமுடி உலர்த்தும் கருவியோடு
விடிய விடிய உட்கார்ந்திருந்தாளாம்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில்போல.
மின்சாரம் போனபின்?
'விசிறினேன்' என்றாள்.

பதினேழு வயதில் பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்காரர்
'இந்தப் பெண்ணின் இடக்கை யோசிக்கிறது'
என்று எழுதிப் போனார்.
அந்தத் தாள் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில்.
வியன்னாவில் இடம் கிடைத்தது.
விமான டிக்கெட் கிடைக்கவில்லை.
பஸ் தவறியதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.
அடுத்த பஸ் வரவில்லை என்பதையும்
அதே குரலில்.

பிறகு கோடம்பாக்கம். மணிக்கணக்கில் கூலி.
கதாநாயகி ஜன்னலோரம் நிற்பாள்,
குழாய் மழை பெய்யும்,
எட்டே மாத்திரை எப்சிபா.
பெயர்ப் பட்டியலில் கிடையாது.
டிவியில் அந்தப் படம் வந்தால் என் மனைவி
'உஷ், அம்மா வர்றாங்க' என்பாள்.
வந்து போயிருப்பாள்,
குக்கர் விசில் அடிப்பதற்குள்.

மார்கழியில் ஊரே பாட்டுக் கேட்கும்.
அவளுக்கு மட்டும் விடுமுறை.
தை பிறந்தபின்
எழும்பூரில் வருடம் ஒரு கச்சேரி,
அறுபது பேர், அதில் இருபது பேர் மாணவர்களின் பெற்றோர்.

அப்படி ஒரு தையில்
விரல் வியர்த்து
இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.
காணாமல் போன பக்கங்களை
அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்.
ஒன்றும் நடக்காத மாதிரி
மூன்றாம் பக்கத்தின் தலையில் கண் திறந்தாள்.
ஆட்டோவில் நான் வாயே திறக்கவில்லை.
டவுட்டன் திரும்பும்போது சொன்னாள்:
'அந்த ரெண்டு பக்கத்துலதான்
நான் எப்பவும் தப்பு பண்ணுவேன்.
இன்னிக்குப் பண்ணல.'
அதற்கு என்ன அர்த்தம் என்று
ஓய்வு பெற்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் மகன் ஒரு பலகை வாங்கி அனுப்பினான்.
கண்ணாடித் திரை, காலடியில் ஒரு மிதி.
மிதித்தால் பக்கம் மாறும்.
வியர்க்காது. மூச்சு விடாது.
'நீங்க கீழே உக்காந்து கேளுங்களேன், பாக்கியநாதன்,
ஒரு தடவையாவது.'

கேட்கப் போனேன். நான்காம் வரிசை.
அவள் வலக்கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது.
எனக்குத் தெரியாது.
வலக்கை இவ்வளவு பேசும் என்பதும் தெரியாது.
எனக்குப் பழக்கம் இடக்கைதான்,
பாதாளத்தில் விறகு அடுக்குகிற கை.
மேலே தீ எரிந்ததை
இப்போதுதான் பார்க்கிறேன்.

மிதியைக் கால் மிதிக்கிறது.
ஆனாலும்
பக்கம் முடியும் இடத்தில்
இடப்பக்கமாக,
யாருமில்லாத அந்த அரையடிக்கு,
தலை ஓர் எள்ளளவு சாய்ந்தது.

நான் எழுந்துவிட்டேன்.

வெளியே போகிறேன் என்று நினைத்துப்
பக்கத்து இருக்கைக்காரர்
முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.