முட்டைக் கணக்கு

ஃப்ரீடவுனில், கிஸ்ஸி தெருவில்
எசெக்கியா தார்ப் படமெடுக்கும் கடை திறந்த வருஷம்
என் கூடைக்கு யோகம் அடித்தது.
காகிதத்தில் பூச வெள்ளைக்கரு வேண்டும் அவனுக்கு,
வாரம் பதினைந்து டஜன்.
மஞ்சளை வாளியில் ஊற்றி வாசலில் வைத்துவிடுவான்.
அந்த மழைக்காலம் முழுக்கத் தெருப் பிள்ளைகள்
மஞ்சள் உதட்டோடு திரிந்தார்கள்.

எனக்குக் கடன்தான். நோட்டில் எழுதிக்கொள்வான்.
"யாபோம், உன்னையும் ஒரு படம் எடுக்கிறேன்" என்பான்.
ஆளைத் தலைகீழாய்க் காட்டும் பெட்டிக்கு முன்னால்
எனக்கென்ன வேலை?
அவன் விரல்கள் பத்திலும் வெள்ளி உப்பின் கறை,
கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு.
ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுத்தான் தேவாலயம் போவான்.

கவர்னர் வந்தார். அவர் சீமாட்டி வந்தாள்.
செத்த குழந்தையைத் தூங்குவதுபோல் மடியில் கிடத்தி
ஒரு தையற்காரி வந்தாள்;
அவளிடம் காசு வாங்கவில்லை.
எல்லார் பிடரிக்கும் பின்னால் ஓர் இரும்புக் கவை.
மழை இருட்டில் எட்டு எண்ணும்வரை அசையக்கூடாது,
அசைந்தால் முகம் புகை.

பிறகு ரோக்கல் ஆற்றின் மேல்கரையிலிருந்து
ஒருவரைச் சங்கிலியோடு கொண்டுவந்தார்கள்.
வீட்டு வரிக்கு இணங்காதவர். எங்கள் தலைவர்.
பெயரைச் சொல்லமாட்டேன்.
லண்டனுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம்.

முட்டைக் காசு கேட்கப் போனவள்
திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.
எசெக்கியா நாற்காலி போட்டான்,
கவர்னர் உட்கார்ந்த அதே நாற்காலி.
கவையைப் பிடரிவரை கொண்டுபோனவன்
திருகை முடுக்காமல் விட்டான்.
"எட்டு எண்ணுவேன், ஐயா" என்றான் அரைகுறைத் தெம்னேயில்.
"அசைந்தால் முகம் விழாது."
இரண்டு தரம் சொன்னான்.
காவல் சிப்பாய் கொட்டாவி விட்டான்.

மூடியை எடுத்தான்.
ஒன்று. இரண்டு.
மூன்றில்,
யாரோ எதையோ கேட்டதற்கு
இல்லை என்பதுபோல்
தலைவர் மெதுவாய்த் தலையை ஆட்டத் தொடங்கினார்.

சங்கிலி துல்லியமாய் விழுந்திருந்தது, கண்ணி கண்ணியாக.
பாயின் கோரை, கட்டைவிரல் நகம், எல்லாம்.
கழுத்துக்கு மேலே புகை.

இன்னொன்று எடு என்றார்கள்.
கண்ணாடி தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலில்தான் வரும் என்றான்.
அதற்கு முந்தைய கப்பலில் தலைவரை ஏற்றிவிட்டார்கள்.
அரசாங்க வேலை அதோடு போயிற்று அவனுக்கு.

இருநூற்றுப் பதினோரு முட்டை இன்னும் பாக்கி.
விட்டுவிட்டாயா என்கிறான் என் மகன்.
விடுவேனா? நாளைக்கும் போய்க் கேட்பேன்.
அவன் கட்டிலடியில்
பிரிக்காத கண்ணாடிப் பெட்டி இரண்டு இருந்ததை மட்டும்
கேட்கமாட்டேன்.