இரவல் வாக்கியம்

ஜெலுத்தோங் மையத்தில் ஐந்தரைக்கே விளக்கு.
பத்து நாற்காலி, பத்து இயந்திரம்.
குமிழி தட்டி, குழாய் மாட்டி,
ஒவ்வொன்றாக எழுப்புவேன்.
பத்தொன்பது வருடமாக இதுதான் என் சுப்ரபாதம்.

ஏழாம் நாற்காலிக்குப் புதுப் பெயர்:
சீமா எலியாஸ், நாற்பத்தொன்று, சிட்னி.
மூன்றே முறை: திங்கள், புதன், வெள்ளி.
சனி மட்டும் வேண்டாமென்று
முன்கூட்டியே எழுதியிருந்தாள்.

"பினாங்கில் யார் இருக்கிறார்கள்?"
ஊசி ஏறும்போது நான் எல்லோரிடமும் கேட்பது.
"கொள்ளுத்தாத்தாவின் அக்கா.
சைனால் அபிடின் சாலை, யூதர் இடுகாடு.
அவளைப் பார்க்க வர
இப்போது என்னை விட்டால் ஆளில்லை."

இடது கையில் ஃபிஸ்துலா.
விரல் வைத்தேன். தோலுக்கடியில்
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டாக அதிர்ந்தது.
நல்ல ஓட்டம்.

புதனன்று பக்கத்து நாற்காலியில் ஆ லெக்
நாலு கிலோ நீரேற்றி வந்திருந்தார்.
பாலிக் புலாவ் டுரியான், அப்புறம் தாகம்,
அப்புறம் தாகத்துக்கு ஐஸ் கச்சாங்.
திட்டிக்கொண்டே அளவை மாற்றினேன்.
சீமா சிரித்தாள்.

"ஒன்று கேட்கவா?
கழிவறைக்குப் போய் வந்தால் என்ன சொல்வீர்கள்?"
"ஃபிளஷ் வேலை செய்யலைன்னு சொல்வேன்."

அதற்கென்று எங்களிடம் ஒரு பிரார்த்தனை உண்டு என்றாள்.
கை கழுவி, வெளியே வந்து, சொல்ல வேண்டியது.
உடம்புக்குள் எத்தனை வாசல், எத்தனை கால்வாய் வைத்தாய்;
திறக்க வேண்டியது அடைத்துக்கொண்டாலோ
மூட வேண்டியது திறந்துகொண்டாலோ
ஒரு நாழிகை தாங்குமா
என்கிற மாதிரி.
அவள் முணுமுணுத்து முடித்தாளா என்று
அப்பா கதவோரம் காது வைப்பாராம்.
பள்ளித் தோழிகள் முன்னால் மானம் போகுமாம்.

நான் குழாய்களைப் பார்த்தேன்.
எடுத்துப்போக ஒன்று, திருப்பித்தர ஒன்று.
அடைப்பு, திறப்பு.
இங்கே அலாரம் அடிப்பதெல்லாம் இந்த இரண்டுக்குத்தான்.
எந்தக் காலத்து மனிதரோ,
இந்த அறையைப் பார்க்காமலே என் வேலையைத்
தெரிந்து வைத்திருக்கிறார்.

"ஆறு வருடமாயிற்று" என்றாள்.
"ஒரு சொட்டு இல்லை. அதனால் சொல்ல வழியில்லை.
காரணமில்லாமல் அவன் பேரை எடுக்கக் கூடாது எங்களுக்கு.
நாக்கு நுனியிலேயே கிடக்கிறது,
விற்றுவிட்ட வீட்டின் சாவி மாதிரி.
கொஞ்ச நாள் நீங்கள் வைத்துக்கொள்ளுங்களேன்."

"நான் முருகன் ஆளும்மா."

"இருக்கட்டும். முகவரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

வெள்ளியன்று காலணியில் சேற்றோடு வந்தாள்.
உங்கள் வாசல் சரளையில் ஒரு கல்லை எடுத்துப்போய்
நேற்றுக் கல்லறை மேல் வைத்தேன்,
திருட்டாகுமா என்றாள்.
கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
பொழுது சாயுமுன் ஓட்டலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமாம்.
பஞ்சைக் கட்டுமுன்னே எழுந்துகொண்டாள்.
அதட்டி உட்காரவைத்துக் கட்டினேன்.

சனி. மூன்றாம் ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை.
காலையிலிருந்து அடக்கியதோடு ஓடினேன்.
அரைத் தாழ்ப்பாள், உடைந்த வாளி, ஒரு கரப்பான்.
வந்தது.
ஐம்பத்திரண்டு வயதுக்கு நன்றாகவே,
சத்தமாக.
அடுத்தவர் சிறுநீரை மில்லியில் அளந்து எழுதுகிறவன்
என்னுடையதை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

கை கழுவி வெளியே வந்து,
மாப்புக்கட்டை சாத்திய சுவரோரம் நின்றேன்.
"முருகா" என்றேன்.
அடுத்தது வரவில்லை. அவள் சொன்ன வரிசை மறந்திருந்தது.
"வாசல்" என்றேன்.
"கால்வாய்" என்றேன்.
அதற்குள் மூன்றாம் இயந்திரம் அலறியது,
எங்கோ ஏதோ அடைப்பு.
துடைக்காத கையோடு ஓடினேன்.