மற்றவை

சங்கக் கொப்பியில் நாலு நிரல்:
விரால், யப்பான், கெண்டை, மற்றவை.
மற்றவையில் பெரும்பாலும் ஒன்றும் இராது.
ஒருநாள் ஆமை; விட்டுவிட்டோம்.
ஒருநாள் வலையில் ஏறிய துருப்பிடித்த ஒன்றை
தடியாலும் தொடாமல்
பொலிசுக்கு அறிவித்தோம்.
அதற்கு நிறை எழுதவில்லை.

வான் பாய்ந்து ஒன்பதாம் நாள்.
கனகராயன் ஆறு இன்னும் தேத்தண்ணி நிறம்.
குலசிங்கம் அண்ணை வள்ளத்தை இழுத்துப் போட்டு
சாக்கை அவிழ்த்தார்.
"பிள்ளை, இதை எதில போடுவாய்?"

பச்சையும் இல்லை, பொன்னும் இல்லை.
விலாவில் மூன்று கறுப்புப் பட்டை
யாரோ கரி தொட்ட விரலால் இழுத்துவிட்டதுபோல.
நெற்றி புடைத்து, கண் சிவந்து,
வாலில் இன்னொரு கண்,
பொன் வளையம் போட்டது.
இரண்டு கிலோ நானூறு.

கொழும்பிலிருந்து வந்திருந்த தூண்டில்காரப் பெடியன்
அணைக்கட்டால் ஓடிவந்தான்,
சட்டைப் பையில் றப்பர் தவளைகள் குலுங்க.
"பீக்கொக் பாஸ்! அமேசன் மீன், அண்ணை!
கொளுவினால் கை முறியும்.
இதோட மல்லுக்கட்ட ஆக்கள் பிளேன் ஏறுறாங்கள்."
செத்த மீனைத் தூக்கிப் பிடித்து ஏழு படம் எடுத்தான்.
உயிரோடு அகப்பட்டிருந்தால்
முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டிருப்பானாம்.
அண்ணை என்னைப் பார்த்தார்.
நான் தராசைப் பார்த்தேன்.

"பாஸ் எண்டால் எங்களுக்கு வேற சாமான், தம்பி.
ஓமந்தை தாண்டுற கடதாசி.
மூத்தவளுக்குக் காய்ச்சல் ஏற ஏற
மூண்டு நாள் அதுக்கு நிண்டனான்.
இது பாஸ் இல்லாமல் வந்த பாஸ்."
சிரித்தார்.
பெடியனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் அலுவலர்.
படிவம் நீட்டினார்.
இனம்.
வழமையான வாழிடம்.
இங்கு வந்த விதம்.

மூன்றையும் நான் முன்பே நிரப்பியிருக்கிறேன்,
வேறு கந்தோரில், வேறு தாளில்.
தகப்பன் பெயர் அடைக்கலம்.
பிறந்த இடம் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு டிவிசன்.
வந்த விதம்: எழுபத்தேழில், லொறியில்,
மூன்று வயதில்,
ஒரு அம்மிக் குழவியோடு.
அம்மி அங்கேயே.
இன்றும் கடையில் யாராவது
"அவை தோட்டப் பக்கம்" என்று
குரலைத் தாழ்த்துவார்கள், சீனி நிறுத்துக்கொண்டே.

ஆகவே இந்த இடத்தில்
மீனும் நானும் ஒன்று என்று எழுத
பேனை தானாகச் சரிந்தது.

அப்போது அண்ணை வயிற்றைக் கீறினார்.
பதினொரு விரால் குஞ்சு.
கடைசியாய் விழுங்கியது இன்னும் செம்மஞ்சளாய்,
தாயின் பின்னால் கூட்டமாய்ப் போகும் அதே நிறத்தில்.

நாங்கள் காடு வெட்டினோம்.
மலேரியாவில் கிடந்தோம்.
மற்றவர் வயலில் முழங்கால் சேற்றில் நின்றோம்.
யாருடைய குஞ்சையும் தின்னவில்லை.
அந்த உவமையை எனக்கு யாரும் தரவேண்டாம்.
கையில் வந்ததை நானும்
குடலோடு சேர்த்து ஆற்றில் எறிந்தேன்.

"யப்பானும் யப்பான் இல்லை, அக்கா.
ஆபிரிக்கா. திணைக்களமே கொண்டுவந்து விட்டது"
என்றார் அலுவலர்,
தலையைப் போத்தலுக்குள் அமுக்கிக்கொண்டு.
கொப்பியில் அதற்குத்தான் அகலமான நிரல்.

உடலில் பாதி எனக்கு.
புளி கொஞ்சம் கூடப் போட்டேன்.
முள் குறைவு.
சொல்லக்கூடாது, நல்ல ருசி.

அடுத்த கிழமை மற்றவையில் மூன்று.
அதற்கடுத்த கிழமை பதினாறு.
விரால் நிரலில் சைபர் போட்ட அன்று
அடிமட்டம் வைத்து ஐந்தாவது கோடு கீறினேன்.
மேலே என்ன எழுதுவது என்று அண்ணையைக் கேட்டேன்.
வலையில் ஓட்டை பொத்திக்கொண்டிருந்தார்.
"முதல் விலையை எழுது" என்றார்.