வலப்பக்கம் ஆறு வரி

பார்சலைக் கொண்டுவந்த பையன் குலுக்கிப் பார்த்தான்.
கனமே இல்லையே, உள்ள என்ன?
நூல் என்றேன்.
சாரிக்கா?
சட்டைக்கு.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக்
கையெழுத்து வாங்கினான்.

உறையில் அந்த நிறத்துக்கு வேறு பெயர்.
எனக்கு அது மட்டிப்பழம்,
தொலியில் புள்ளி விழுவதற்கு முந்தின நாள்.

தக்கலையில் சித்திரை மதியம்.
மின்விசிறி வெக்கையை
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளுகிறது.
ஏட்டி, இந்தச் சூட்டுல கம்பிளியா?
கம்பிளி இல்லம்மா, பருத்தி.
என்னவோ, பாக்கவே வேர்க்குது.

கற்றதெல்லாம் கைபேசியில்.
என் வயதுதான் இருக்கும் அவளுக்கு.
ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது,
என்ன மொழியோ.
சத்தத்தை அணைத்துவிட்டு
விரல்களை மட்டும் கேட்டேன்.

முதலில் ஒரு தலைப்பட்டை. நிற்கவில்லை.
பிறகு ஒரு தொப்பி.
சமையலறையில் கிடந்த தேங்காய்க்கு
அளவெடுத்ததுபோல் இருந்தது.
தம்பி அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்து
மூன்று நாள் வைத்திருந்தான்,
சட்னி அரைக்கும் வரை.

இனி சட்டை.

செல்வதாஸ் டெய்லர் ஒவ்வொரு முறையும் சொல்வார்:
இடது தோள் கொஞ்சம் இறக்கம் மோளே,
பஞ்சு வச்சா தெரியாது.
ஏழாம் வகுப்பிலிருந்து
அந்தப் பஞ்சைச் சுமக்கிறேன்.
மழையில் நனைந்தால்
அது மட்டும் கடைசியாகக் காயும்.

கதவைச் சாத்திக்கொண்டு
கண்ணாடி முன்னால் நாடாவைப் பிடித்தேன்.
இடுப்பிலிருந்து இடது தோளுக்கு ஓர் எண்,
வலது தோளுக்கு இன்னோர் எண்.
இரண்டையும் எழுதினேன்.
கழித்தேன்.
வலப்பக்கம் ஆறு வரி கூட.
அவ்வளவுதான்.
பன்னிரண்டு வருஷமாக வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிய விஷயம்
ஆறு வரி.

காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் பின்னினேன்.
வில்லுக்குறி வரைக்கும் நேராகப் போகும்.
சுங்கான்கடை வளைவில் நாலு கண்ணி நழுவும்.
தோவாளையில் பூ கட்டுகிறவர்கள்
கையைப் பார்ப்பதே இல்லை.
நான் பார்க்கணும்,
பார்த்தும் தப்பணும்.
நெஞ்சுக்கு நேரே முப்பத்தோராம் வரியில்
ஒரு கண்ணி திரும்பிக்கொண்டு நிற்கிறது,
போட்டோ எடுக்கும்போது
யாரோ கூப்பிட்டவன் மாதிரி.
இரண்டு தடவை முதுகுப்பக்கம் முழுக்கப் பிரித்தவள்
இதைப் பிரிக்கவில்லை.
செமஸ்டர் வந்துவிட்டது.

ஆடியில் முடிந்தது.
போட்டுக்கொண்டு ஆரல்வாய்மொழியில் இறங்கினேன்.
அங்கே காற்றுக்கு வேலை இல்லாத நாள் கிடையாது.
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு,
கடைக்காரர் சாக்கைப் பறித்துவிட்டு
என்னிடம் வந்தது.
ஒவ்வொரு கண்ணியிலும் நுழைந்து
எண்ணிப் பார்த்தது.
குளிர்ந்தது.
சட்டை போட்டதால் குளிர்ந்தது!
அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

விபிஷா பிடுங்காத குறையாகக் கேட்டாள்.
கொள்ளாமே, ஒரு நாள் தா.
லேப் முடிந்து மாற்றிக்கொண்டாள்.
வலப்பக்கம் புடைத்தது, கழுத்து ஒருச்சாய்ந்தது.
இழுத்தாள், நீவினாள்,
கண்ணாடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
எளவு, கோணலாட்டு இருக்கு.
உனக்கு எப்பிடி நேரா நின்னுச்சு?

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
அவளுக்குக் காரணம் புரியவில்லை.

அப்ப எனக்கு ஒண்ணு போட்டுத் தா என்றாள்.
பையிலிருந்து நாடாவை எடுத்தேன்.
அவள் உடனே மூச்சை உள்ளிழுத்து
என்.சி.சி.யில் நிற்பதுபோல் விறைத்தாள்.

அப்பிடி இல்ல பிள்ளே.
நீ சும்மா நிக்கிற மாதிரி நில்லு.