மயிரிழை

ஆரவ்வில் வாங்கியது. பாவித்த பெட்டி, நூற்றிருபது பிராங்.
விற்ற பெடியன் வாசலிலேயே கேட்டான்,
"மகனுக்கா?"
எனக்கு என்றேன்.
அதற்குப் பிறகு அவன் நெடுநேரம் கேபிள் தேடினான்.

ஓல்டனுக்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
சுடுசோற்றுச் சட்டியைப் போல.
ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தட்டுகளும்
என் கைக்குள் மெல்லத் திரும்பின.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருசம்.
முன்னூறு சாப்பாட்டுத் தட்டை ஆறமுதல் மூடி
ஒரே நேரத்தில் மேல்மாடிக்கு ஏற்றுகிறவள்.
இரண்டு பாட்டை ஒன்றாய் நடத்த முடியாதா
என்றுதான் நினைத்தேன்.

இஸ்திரி மேசையில் வைத்தால் ஆடுகிறது.
சாப்பாட்டு மேசையில் வைத்தால்
சாப்பாட்டை எங்கே வைப்பது என்கிறார் இராகுலேசன்.
கடைசியில் சப்பாத்து அலமாரியின் மேல்.
ஸ்பீக்கரில் ஒன்று ஜன்னலடியில், மற்றது பிரிட்ஜோடு.
சிவப்பு வயர் வலம், வெள்ளை இடம்.
மாற்றிக் குத்தி மூன்று நாள் கேட்டிருக்கிறேன்,
பிழையென்றே தெரியாமல்.

ஹெட்போனில் ஒரு காதை மூட வேண்டும்,
மற்றதைத் திறந்து வைக்க வேண்டும்.
திறந்த காதில் ஓடுகிற பாட்டு, குக்கர் விசில்,
"உப்புப் போத்தல் எங்கே?"
மூடிய காதில் இனி வரப்போகிற பாட்டு.
அந்த ஒரு நிமிடம்
முழு வீட்டிலும் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கிறது.

ஒரு பொத்தானை அழுத்தினால்
மிஷினே தாளத்தைச் சேர்த்துவிடும்.
அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினேன்,
வேலையில் விரல் வெட்டினால் சுற்றுகிற அந்த நீலப் பிளாஸ்டர்.

பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது. ஞாயிறு கூடவே கூடாது.
வெறும் போத்தலை எறியவும் திங்கள்வரை காத்திருக்கிற ஊர்.
ஸ்பீக்கருக்கு அடியில் யோகா பாயை மடித்து வைத்தேன்.
பாட்டு அறையோடு நின்றது.
அடித்தாளம் மட்டும் பாயைத் துளைத்துக்கொண்டு கீழே போனது.

கீழ்வீட்டு உர்ஸ் ஃப்ளூக்கிகர், கூரை வேய்கிறவர்,
உடுப்புத் தோய்க்கும் அறையில் மறித்தார்.
என் கையில் ஈரத் துவாய்,
நாக்கு நுனியில் மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் வசனம்.
"செவ்வாய்க்கிழமை," என்றார்,
"இரண்டாவது மேளம் பிந்தி விழுந்தது."
விளங்காமல் நின்றேன்.
"புதனும். கனக்க இல்லை. ஒரு மயிரிழை."

அவருக்குப் பாட்டே கேட்பதில்லையாம்.
குரல் இல்லை, வயலின் இல்லை,
முகட்டிலிருந்து இறங்குகிற அந்த டும் மட்டும்.
சோபாவில் கிடந்து அதை எண்ணுவாராம்.
இரண்டு பேர் ஒரே மரத்தில் ஆணி அடித்தால்
ஒருவன் பிந்துவது கண்ணுக்கு முதல் காதுக்குத் தெரியுமாம்.
சொல்லிவிட்டுத் தன் காலுறைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்தது, மெய்யாய்.
முறைப்பாடு என்றால் மன்னிப்பு இருக்கிறது.
இதற்கு என்ன சொல்வது?
இரண்டு நாள் பெட்டியைத் துணியால் மூடி வைத்தேன்.

வெள்ளி, ஏழே முக்கால். ஜன்னலில் மூடுபனி.
வெளியே ஒரு குத்துப்பாட்டு ஓடுகிறது,
காதுக்குள் ஒரு டெக்னோ காத்திருக்கிறது.
விட்டேன்.
எட்டு அடி சேர்ந்து போனது.
ஒன்பதாவதில், ஒரே நுகத்தில் இரண்டு மாடு, ஒன்று நொண்டி.
கீழிருந்து தும்புத்தடி.
டக்.
இரண்டையும் நிறுத்தினேன்.
இராகுலேசன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்: "முடிஞ்சுது."

டக். டக். டக்.
நிற்கவில்லை.
கோபக்காரன் இவ்வளவு சமமாய் இடிப்பானா?
டக். டக். டக். டக்.
பலகை வழியே ஏறி என் குதிக்காலில்.

முதல் பாட்டை அந்தத் தடியின்மேல் வைத்தேன்.
ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன்.
இரண்டாவதை விட்டு
வேகக்கட்டையில் சுட்டுவிரலை வைத்துத்
தள்ளினேன்,
இன்னும் கொஞ்சம்,
இல்லை, பின்னுக்கு,
ஆங்.