அரை டிகிரி

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் என் கடை,
ஒன்பதடிக்குப் பதினொன்று.
பின்சுவர் எனக்கும் டாக்டர் பத்மாசனிக்கும் பொது.
இந்தப் பக்கம் ஃப்ரேம்,
அந்தப் பக்கம் பல்.

நான் ரம்பத்தை முடுக்கினால்
அங்கே வாய் திறந்து படுத்திருப்பவர்
தனக்குத்தான் என்று மூடிக்கொள்கிறாராம்.
அவர் டிரில் போட்டால்
படம் மாட்டக் கொண்டுவந்தவர்கள்
கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.
ஆறு வருஷமாக இப்படி.

போன வியாழன் மிஷின் புகைந்து நின்றது.
துக்கம் ஒன்றுமில்லை.
நாற்பத்தைந்து என்று அது சொன்னதெல்லாம்
நாற்பத்துநாலரை.

அரை டிகிரிதானே என்பார்கள்.
சட்டத்துக்கு நாலு மூலை, எட்டு வெட்டு.
எட்டு அரை நாலு.
மூன்று மூலை சமர்த்தாகப் பூட்டிக்கொண்டபின்
நாலாவது வாயைப் பிளக்கும்.
மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அதில் அப்பி
எத்தனை கல்யாணங்களை அனுப்பிவைத்தேனோ.
நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ரோஸ்லின்
என்றார் டாக்டர்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லிங்கிச் செட்டித் தெரு, மதியம் இரண்டு.
க்ளினிக் அடைத்திருக்கும் நேரம் என்று அவரும் வந்தார்.
"காசு உன்னுது. சத்தம் ரெண்டு பேருது."

ஹாத்திம் பாய் எங்களுக்குப் பின்னால்
யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.
வரவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதலில் பத்து இஞ்ச், ஸ்லைடிங்.
மாப்பிள்ளை மாதிரி நின்றது.
டேப்பை நீட்டிப் பார்த்தேன்:
என் மேஜையில் வைத்தால் அதன் தண்டவாளம்
சுவரைத் துளைத்துப் போய்
பல் நாற்காலியின் தலைமாட்டில் முடியும்.
"எனக்கு ஏற்கெனவே ஒரு அசிஸ்டென்ட் இருக்காள்."
என் மரத்தில் அகலமானதே மூன்று இஞ்ச்தான்.
இருந்தாலும் கை கொஞ்ச நேரம்
அதன் மேலேயே கிடந்தது, சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது லேசர் வைத்தது.
சிவப்புக் கோடு அழகாக விழுந்தது.
பிளேடு அதற்குப் பக்கத்தில் வெட்டியது.

மூலையில் ஓர் எட்டரை இஞ்ச்.
பையிலிருந்து தேக்குத் துண்டும்
பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த மூலைமட்டமும்
வெளியே வைத்தேன்.
"வெட்டிப் பார்க்கணும்."
"டிஸ்ப்ளே பீஸ்மா."
"அதான்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.
திரும்ப, என்றார்.
திரும்ப.
"எழும்போது அதிரலை. நடுவில் கீச்சில்லை.
அடங்கும்போது எங்கேயோ உரசுது."
பாய் கழற்றினார்.
பிளேடின் காப்புக்குள்
கடலைப்பருப்பு அளவு தெர்மோகோல்.
அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதை விட்டு
டாக்டரிடமே பேசினார்.

வெட்டிய இரண்டையும் சேர்த்து
மூலைமட்டத்தோடு தெரு வெளிச்சத்தில் பிடித்தேன்.
தலைமுடி நுழையும் இடைவெளி.
இதுவும் தப்புதான்.
திருகை இளக்கினேன், லேசாகத் தட்டினேன், இறுக்கினேன்.
மறுபடி வெட்டு. மறுபடி வெளிச்சம்.
பழையது தப்பாக இருந்து தப்பாகவே இருந்தது.
இது சொன்னால் கேட்டது.

பதினாறாயிரத்து எண்ணூறு,
முந்நூறு குறைத்தார், பில் வேண்டாமென்றால் இன்னும் என்றார்.
வேண்டும் என்றேன்.
கூட வரும் பிளேடுக்கு இருபத்துநாலு பல்;
ஃப்ரேம் ஓரம் பிசிறும்.
அறுபது பல் தனியாக வாங்கினேன்.
"முப்பத்திரண்டுக்கே நான் திணறுறேன்"
என்று டாக்டர்
தன் பணத்தில் அதைக் கொடுத்துவிட்டார்.
தர மறுக்கவும் முடியவில்லை,
வாங்கவும் கூச்சம்.
ஆட்டோவில் பெட்டி எங்கள் இருவர் மடியிலும்
பாதிப் பாதியாக இருந்தது.
பேசின் பிரிட்ஜ் வரை யாரும் பேசவில்லை.

ராத்திரி எட்டரைக்கு முதல் சட்டம்.
முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது.
நாலாவது
தானாக மூடிக்கொண்டது.
பழக்கத்தில் குழைத்து வைத்த தூள்
டப்பா மூடியில் காய்ந்துபோயிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்
டிரில் ஓட ஆரம்பித்தது.
நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.